தலையைத் தூக்கினால் ‘இல்லை’

கமென்யாக், பல்கேரியா
4 மார்ச் 2018

அன்புள்ள வெலிச்கா அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, வாய் மட்டும் பழையபடி நன்றாக ஓடுகிறது. சோன்கா உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். இத்தாலிக்குப் போகும் வேன் வண்டியில் இந்தக் கடிதத்தோடு இரண்டு பாட்டில் குடைமிளகாய் விழுதும் வருகிறது. போனில் பேசினால் நமக்குள் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாயைத் திறக்க முடியாது. இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்ல யோசனைதான்.

சுரங்கத்தில் ஒரு கூத்து. எங்கள் டம்பர் லாரிகள் அத்தனையிலும் கேமரா வைத்துவிட்டார்கள். பாதையைப் பார்ப்பதற்கு இல்லை, எங்கள் மூஞ்சியைப் பார்ப்பதற்கு. கண் கொஞ்சம் அதிகநேரம் மூடினால் சீட்டு கிடுகிடுவென்று ஆடுகிறது. பிறகு ஒரு பெண்குரல், “தொடர்ந்து ஓட்ட முடியுமா?” என்று கேட்கிறது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் தலையை அசைத்துப் பதில் சொன்னால் போதுமாம்.

“இருபது வருஷமா நான் கேக்குறேன், ஒரு தடவை பதில் சொன்னீங்களா? எவளோ கேட்டா தலையாட்டுறீங்க”ங்கிறாள் சோன்கா.

எல்லா டிரைவர்களும் திட்டுகிறார்கள். நானும் திட்டுகிறேன். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ஸப்ரியான்

*

ஃபெராரா, இத்தாலி
25 மார்ச் 2018

அன்புத் தம்பி ஸப்ரியானுக்கு,

உன் கடிதமும் விழுதும் பத்திரமாக வந்தன. நான் சுகம். நான் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஒத்தாவியோவும் சுகம். விழுதை ரொட்டியில் தடவிக் கொடுத்தேன், அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி உறைப்பு, பாதி ஆனந்தம்.

அந்த எந்திரத்துக்கு நம் ஊர்த் தலை புரியுமா என்று முதலில் கேள். நான் இங்கே வந்த புதிதில் சூப் போதும் என்று நம் வழக்கப்படி தலையை மேலே தூக்கி நாக்கைத் தட்டினேன். இவர்களுக்கு அது ‘ஆமாம்’ மாதிரி தெரிந்திருக்கிறது. இன்னொரு கரண்டி ஊற்றினார்கள். சரி, நன்றாக இருக்கிறது என்று பக்கவாட்டில் ஆட்டினேன், தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விளையாட்டு இருக்கட்டும். ஒத்தாவியோ பயங்கரமாகக் குறட்டை விடுவார். அது வெறும் குறட்டை இல்லையாம், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற வியாதியாம். இரவு முழுக்கத் தூங்கினாலும் தூங்காத மாதிரிதான். முன்பெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடுமாம். இப்போது மூக்கில் ஒரு முகமூடி மாட்டிக் காற்றடிக்கும் பெட்டியோடு படுக்கிறார், பகலில் விழிப்பாக இருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு நான் வந்தபோது நீ கரண்டியைக் கையில் பிடித்தபடியே சாப்பாட்டு மேசையில் தூங்கினாய். களைப்பு என்றாய். அந்த நேரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

நேராகக் கேட்கிறேன். லாரியிலும் உனக்குத் தூக்கம் வருகிறதா? ஒளிக்காமல் எழுது. அம்மாவுக்கும் சோன்காவுக்கும் என் அன்பு.

உன் அக்கா,
வெலிச்கா

*

கமென்யாக்
22 ஏப்ரல் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல். ஈஸ்டர் நன்றாக நடந்தது. முட்டை மோதும் போட்டியில் அம்மாவுடைய முட்டைதான் கடைசிவரை உடையாமல் நின்றது. மரமுட்டைக்குச் சாயம் பூசிக் கொண்டுவந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் புகார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

உனக்குத் தீர்க்கதரிசனம் இருக்கிறது. நீ சொன்னதேதான் நடந்தது. எந்திரம் கேட்டது, நாங்கள் ‘ஓட்ட முடியும்’ என்று பக்கவாட்டில் தலையை ஆட்டினோம். அது ‘முடியாது’ என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டது. ஒரே காலையில் ஆறேழு லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஷிப்ட் தலைவர் தின்கோ ரேடியோவில் கத்துகிறார்: “என்னங்கடா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல உடம்பு சரியில்லையா? நேத்து யாரு வீட்டுக் கல்யாணம்?”

பாதுகாப்புப் பொறியாளர் கலினா என்று ஒரு பெண் இருக்கிறாள், நம் ஊர்க்காரிதான். அவள் அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். மாற்றுவதற்குப் பல மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் ஒரு விதி. லாரிக்குள் மட்டும் வெளிநாட்டு முறை. மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம், பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை. எல்லார் லாரியிலும் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இப்போது தின்கோ வீட்டில் பெண்டாட்டி ரக்கியாச் சாராயம் ஊற்றட்டுமா என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் லாரியில் இருக்கிறோமா வீட்டில் இருக்கிறோமா என்று யோசிக்கிறாராம்.

இந்தக் குழப்பத்தில் அலாரம் யாருக்கு, எதற்கு அடிக்கிறது என்றே யாரும் பார்ப்பதில்லை. என் லாரியிலும் அடிக்கிறது, எல்லார் லாரியிலும் அடிக்கிறது. ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. கிழவருக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
ஸப்ரியான்

*

ஃபெராரா
13 மே 2018

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். முட்டையைப் பற்றி எழுதினாய், ஆப்பிள் மரத்தைப் பற்றி எழுதினாய், தின்கோ வீட்டு ரக்கியாவைப் பற்றிக்கூட எழுதினாய். நான் கேட்ட ஒரே கேள்வியைக் காணோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. உன் பின்னால் நூறு டன்னுக்கு மேல் செம்புத் தாது இருக்கிறது. கீழே பாதையில் மனிதர்கள் இருக்கிறார்கள். டாக்டரிடம் போனால் லாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். ஐம்பது வயதுக்கு மேல் அந்த ஊரில் வேறு வேலை கிடையாது என்று எனக்கும் தெரியும். அது இருந்திருந்தால் நான் ஏன் இங்கே சூப் ஊட்டிக்கொண்டிருக்கிறேன்? ஆனாலும் போ. எனக்குப் பயமாக இருக்கிறது, ஸப்ரியான்.

பதில் போடு.

அக்கா

*

கமென்யாக்
10 ஜூன் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

சோன்கா எழுதுவது. நீங்கள் நலம்தானே? இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி எழுதவில்லை என்று கோபப்படாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உங்களுக்கு எழுத வேண்டாம் என்று எனக்கும் சொல்லியிருக்கிறார். நான் எழுதுகிறேன்.

நீங்கள் நினைத்தது சரி. பல வருடமாகவே அவர் குறட்டை நடுவில் நின்றுவிடும். நான் விழித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வரும்வரை என் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். பகலில் நாற்காலி கிடைத்தால் தூக்கம். மார்ச்சில் பிளோவ்திவ் நகரத்துக்குப் போனபோது சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவர் அப்படியே தூங்கிவிட்டார். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். “டாக்டர்கிட்ட போகலாங்க” என்றேன். “போயிட்டு வந்து என்ன பண்றது? உங்க அம்மா வீட்டு ஆட்டை மேய்க்கிறதா?” என்று கத்தினார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு முதல் லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது லாரி வளைவில் திரும்பவில்லை. நேராகப் போய் விளிம்பில் இருக்கும் மண்கரையில் ஏறிவிட்டது. அந்தக் கரை தாங்கிக்கொண்டது. கீழ்ப் பாதையில் தண்ணீர் லாரி நின்றிருந்தது, அதில் இரண்டு பேர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார், பிறகு கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.

அடுத்த வாரம் விசாரணை. மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. அதே குழியில், டம்பர் ஓட்டும்போதுதான் மாமனாரும் இறந்துபோனார். எப்படிச் சொல்வேன்?

உங்கள்,
சோன்கா

*

கமென்யாக்
24 ஜூன் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், பரம நலம்! சோன்கா உனக்கு எழுதிவிட்டாள் என்று தெரியும். அவள் ஈயை யானையாக்குவாள். விசாரணை முடிந்துவிட்டது, என் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கேமராப் படத்தை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். கம்பெனியிலிருந்து ஒரு வெளிநாட்டு ஆள் வந்திருந்தார், நல்ல மனிதர், கலினாதான் மொழிபெயர்த்தாள். வளைவுக்கு முன்னால் எந்திரம், “தொடர்ந்து ஓட்ட முடியுமா?” என்று கேட்கிறது. படத்தில் நான் தலையை மேலே தூக்கி இறக்குகிறேன். “டிரைவர் முடியும் என்று சொல்லியிருக்கிறார், விதிப்படி சரியான பதில்” என்றார் அவர். அறையில் நம் ஆட்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு தின்கோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “முந்தின நாள் மழைங்க. அந்த வளைவு ஒரே சேறு” என்றார். சேறு என்றே எழுதி முடித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் தின்கோ என் முதுகில் ஓங்கித் தட்டினார். “போடா, போய்ப் படுத்துத் தூங்கு”ன்னார். எல்லோரும் சிரித்தோம். என் லாரி இன்னும் பட்டறையில் இருக்கிறது, அது சரியாகும்வரை எனக்குச் சம்பளத்தோடு லீவு. ஆகையால் நீ நிம்மதியாக இரு.

உன் தம்பி,
ஸப்ரியான்

*

ஃபெராரா
1 ஜூலை 2018

ஸப்ரியானுக்கு,

நலம் விசாரித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்.

அந்தக் குரல் கேட்டபோது நீ தலையைத் தூக்கினாயே, அது எந்திரத்துக்கான தலையா, நம் அம்மா சொல்லிக்கொடுத்த தலையா?

அக்கா

*

கமென்யாக்
19 ஆகஸ்ட் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதம் வந்த அன்றே பதில் தெரியும், எழுதத்தான் கை வரவில்லை.

அம்மா சொல்லிக்கொடுத்த தலை, அக்கா.

சீட்டு ஆடியதும் நான் விழித்தேன். எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை. லோடு எப்போது ஏற்றினேன், வளைவுவரை எப்படி வந்தேன், எதுவும் நினைவில்லை. அப்போது அந்தப் பெண் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. ‘முடியலம்மா, என்னை நிறுத்து’ என்று நினைத்துக்கொண்டு தலையைத் தூக்கினேன், நாக்கைக்கூடத் தட்டினேன். லாரியில் ஒட்டியிருந்த படம், அந்த விதி எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. “நன்றி, கவனமாக ஓட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன், அது தலைகீழாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த இமை மூடியதும் மண்கரை.

அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் அது தெரிந்தது என்று எனக்கும் தெரியும். என் பிழைப்புக்காக வாயை மூடிக்கொண்டார்கள். நாளைக்கு இன்னொருவன் பயத்தில் தலையைத் தூக்கினால் அவனுக்கும் அவள் நன்றி சொல்வாள். கீழே அந்தத் தண்ணீர் லாரி நிற்கும். இதை நினைக்க நினைக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? கடைசியில் கலினாவிடம் போனேன்.

“அன்னிக்கு நான் ஆமாம்னு சொல்லலை.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நானும் இந்த ஊருதானே. நாக்கைத் தட்டினப்ப உதடு போன போக்கு படத்துல நல்லாத் தெரிஞ்சுது.”

“தெரிஞ்சும் என்னை மறுபடி ஓட்ட விடப் போறீங்களா?”

“உங்க லாரி என்னிக்கோ சரியாயிடுச்சு. பட்டறையில இன்னும் வேலை இருக்குன்னு யார் சொல்லி வச்சதுன்னு நினைச்சீங்க? நான் போய்ச் சொன்னா அது புகார். நீங்களா வந்து சொன்னா வைத்தியம். எப்ப வருவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆனா ஒண்ணு, இந்த மாசம் தாண்டியிருந்தா நானே சொல்லியிருப்பேன்.”

அவளே நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

வேலை போகவில்லை, அக்கா! பிளோவ்திவ் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். மூச்சு எத்தனை முறை நின்றது என்று டாக்டர் சொன்னார். உனக்குச் சொல்ல மாட்டேன், நீ அழுவாய். என் பெயரைப் படித்துவிட்டு, “ஸப்ரியான்னா ‘நின்னவன்’தானே? பேருக்கு ஏத்த மாதிரி மூச்சும் நின்னு நின்னுதான் வருது” என்றார். உன் கிழவருக்கு இருக்கிற அதே பெட்டி இப்போது என் தலைமாட்டிலும் இருக்கிறது. முதல் வாரம் நாய்க்கு வாய்க்கட்டு போட்ட மாதிரி இருந்தது. இப்போது காலையில் எழுந்தால் உலகமே கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது. தூக்கம் என்றால் இதுதானா? இத்தனை வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

இப்போதைக்குக் கிரஷர் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் வேலை. டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்ததும் லாரி. எந்திரத்தையும் மாற்றிவிட்டார்கள். தலையே வேண்டாம், வாயைத் திறந்து நம் மொழியில் ‘ஆம்’, ‘இல்லை’ சொல்ல வேண்டும். இல்லை என்றால் மாற்று டிரைவர் வருவார், சம்பளம் குறையாது.

டாக்டர் ஒன்று கேட்டார். “உங்க அப்பாவும் குறட்டை விடுவாரா? எப்படி இறந்தார்?” குடித்துவிட்டு லாரியைக் குழியில் விட்டார் என்று சொன்னேன். சுரங்கத்தில் அப்படித்தானே எழுதினார்கள், நாமும் அப்படித்தானே தலைகுனிந்து வளர்ந்தோம். “எந்த நேரத்துல?” என்றார். “மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம்” என்றேன். என் லாரி மண்கரையில் ஏறியதும் அதே நேரம்தான், அக்கா. “இப்ப யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இது குடும்பத்துல வர்ற வியாதி”ன்னார்.

உன் தம்பி,
ஸப்ரியான்

*

ஃபெராரா
2 செப்டம்பர் 2018

என் தங்கத் தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்து ஓவென்று அழுதேன். ஒத்தாவியோ யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்து போனார். “இல்லை, ஒருத்தன் பிழைச்சுட்டான்” என்றேன். அலமாரியைத் திறந்து, டாக்டர் தொடக்கூடாது என்ற ஒயினை எடுத்து இரண்டு பேருக்கும் ஊற்றினார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நேற்று நான் நன்றாகத் தூங்கினேன்.

அப்பாவைப் பற்றி எழுதினாயே, அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நின்றுகொண்டே தூங்குவார், அம்மா அவர் விலாவில் இடிப்பாள். மற்ற ஆண்களைப் போல ராத்திரி கொஞ்சம் குடிப்பார், அவ்வளவுதான். வேலைக்குக் குடித்துவிட்டுப் போனதை நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. ஊரே சொன்னதால் நாமும் நம்பினோம்.

அம்மாவிடம் சொல். போனில் என்னால் முடியாது. உன் வியாதியையும் சொல், டாக்டர் சொன்னதையும் சொல்.

உன் அக்கா,
வெலிச்கா

*

கமென்யாக்
4 நவம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், இந்தமுறை உண்மையாகவே நலம். போன மாதம் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், மறுபடி என் லாரியில் ஏறிவிட்டேன். மத்தியான வெயிலில் அந்த வளைவைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கிறேன், அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு அத்தனை அழகாக இருக்கிறது. புது எந்திரத்திடம் வாயைத் திறந்து முதலில் ‘இல்லை’ சொன்னது யார் தெரியுமா? தின்கோ. ஆள் பற்றாக்குறையில் ஒரு லோடு ஓட்டப் போனவர், “நானும் அந்த ஒயர் படுக்கையில படுத்துப் பார்க்கிறேன்டா” என்று இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.

அம்மாவிடம் செப்டம்பரிலேயே சொன்னேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள், கடைசிப் பீன்ஸ்வரை உரித்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குத் திரும்பக் கேட்கத் தைரியம் வரவில்லை.

நேற்று இறந்தோர் சனிக்கிழமை. கோதுமையும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் கல்லறைக்குப் போனோம். உனக்குத் தெரியும், ஊரில் எல்லோரும் தங்கள் ஆட்களின் கல்லறையில் ஒயின் ஊற்றுவார்கள். அம்மா மட்டும் அப்பாவுக்குத் தண்ணீர்தான் ஊற்றுவாள். ‘குடிச்சே செத்தவனுக்கு இன்னும் வேறயா’ என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாள். இந்த வருடமும் தண்ணீர்ப் பாட்டிலைத்தான் கொண்டுவந்திருந்தாள்.

மெழுகுவர்த்தி ஏற்றினாள். கல்லைத் துடைத்தாள். பிறகு அங்கேயே நின்றுகொண்டு, எங்களைப் பார்க்காமல் சொன்னாள்: “அன்னிக்குக் காலையில கிளம்புறப்ப என் கன்னத்துல முத்தம் கொடுத்துட்டுத்தான் போனாரு. வாயில ஒரு நாத்தமும் இல்லை. எனக்குத் தெரியும். சாயங்காலம் தொப்பியைக் கழட்டிக்கிட்டு நாலு பேரு வந்து குடிச்சிருந்தாருன்னு சொன்னாங்க. அத்தனை பேர் சொல்றப்ப என் மூக்கையே நான் நம்பலை.”

சோன்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பக்கத்துக் கல்லறைக்குப் போய், “உங்க பாட்டிலை இப்படிக் கொடுங்க” என்று அவர்களிடம் வாங்கிக்கொண்டு வந்தாள். முட்டிவலியோடு மண்டிபோட்டு உட்கார்ந்தாள். நாங்கள் தூக்கப் போனோம், கையைத் தட்டிவிட்டாள். அந்தச் சிவப்பு ஒயின் முழுவதையும் மெதுவாக, கடைசிச் சொட்டுவரை அப்பாவின் மண்ணில் ஊற்றினாள்.

“குடிய்யா,” என்றாள். “நல்லாக் குடி. இத்தனை வருஷமா உன்னைத் தாகத்தோட படுக்க வச்சுட்டேன்.”

உன் அன்புத் தம்பி,
ஸப்ரியான்